ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 காருக்கு வெயிட் கம்மி வீல் மொதல்லயா, ட்யூனிங் மொதல்லயா? கும்மோணம் ரோட்டுக்கு எது தாங்கும்?

அரசலாறு230:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இதான் மொத கேள்வி. போன வருஷம் செகண்ட் ஹேண்டுல ஆக்டேவியா விஆர்எஸ் 230 எடுத்தேன். 2017 வண்டி, 62 ஆயிரம் ஓடிருக்கு, 2.0 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இஞ்சின், பவர் 230 பிஎஸ், டார்க் (சுத்துற விசை) 350 என்எம், ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். நாலு கதவு இருக்கு, டிக்கில ரெண்டு நெல்லு மூட்ட ஏத்தலாம், இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரான்னு யாரும் ஆரம்பிச்சிடாதீங்க, எங்க சித்தப்பா ஏற்கெனவே "இது ஏர்போர்ட் டாக்ஸி மாதிரில்ல இருக்கு"ன்னு சொல்லி மனச ஒடச்சிட்டாரு.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன், வருஷத்துக்கு மூணு தடவ வருவேன், மத்த நேரம் வண்டி வீட்லதான் நிக்கும், அப்பா வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணி தெரு முக்கு வரைக்கும் ஓட்டிட்டு வந்து விட்டுடுவாரு. நான் வந்தா கும்மோணம், தஞ்சாவூர், திருச்சி, எப்பயாச்சும் வேளாங்கண்ணி, அவ்ளோதான் ஓட்டம்.

கையில ரெண்டரை லட்சம் ஒதுக்கிருக்கேன். இப்ப 17 இன்ச் வீல்ல 225/45 டயர் கெடக்கு. ஒரு வீல கழட்டி எங்க நெல்லு மண்டி தராசுல வச்சுப் பாத்தேன், டயரோட 20 கிலோ 600 காட்டுச்சு. நான் பாத்து வச்சிருக்குற ஃப்ளோ ஃபார்ம்டு வீல் ஒண்ணு 8 கிலோதான், 18 இன்ச். சக்கரத்துல ஒரு கிலோ கொறச்சா பாடில பத்து கிலோ கொறச்ச மாதிரின்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அப்டி பாத்தா நூறு கிலோ கொறயுமே? அப்பறம் ஸ்டேஜ் 1 ட்யூன், அதாவது பார்ட்ஸ் மாத்தாம இஞ்சின் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர மட்டும் மாத்துறது, 290 பிஎஸ் வரும்ங்குறாங்க. எத மொதல்ல பண்றது, ரெண்டையும் ஒரே லீவுல பண்ணிடலாமா? எங்க ரோடு எப்டின்னு தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமாப் போவும்.

மன்னை டர்போ:
வாங்க தம்பி, நல்ல வண்டி புடிச்சிருக்கீங்க. நானும் இதே இஞ்சின் வண்டிதான் நாலு வருஷமா ட்யூன் போட்டு மன்னார்குடில ஓட்டிட்டு இருக்கேன், அதனால ட்யூன் பத்தி மட்டும் சொல்றேன்.

290ங்குறது பொய் இல்ல, இந்த இஞ்சினுக்கு ஸ்டேஜ் 1ல அது சாதாரணம். ஆனா அந்த நம்பர் எந்த பெட்ரோலுக்குன்னு யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. நம்ம பக்கம் டவுனுக்குள்ள 95 ஆக்டேன் கெடைக்கும், அதத் தாண்டி உள்ள போனா என்ன பங்க் இருக்கோ அதான் பெட்ரோல். 100 ஆக்டேன் நம்பி எழுதுன ட்யூன் ஃபைல போட்டுட்டு 95 ஊத்துனா, பெட்ரோல் தப்பா வெடிக்கிறத நாக் சென்சார் கண்டுபுடிச்சு, ஸ்பார்க் அடிக்கிற டைமிங்க பின்னாடி இழுக்கும், இஞ்சின் ஒடனே போயிடாது, ஆனா நீங்க காசு குடுத்து வாங்குன குதிரையெல்லாம் லாயத்துலயே படுத்துக்கும், எக்ஸாஸ்ட் சூடு வேற ஏறும். ட்யூனர்கிட்ட மொத வார்த்தையே "95க்கு எழுதிக் குடுங்க"ன்னு சொல்லுங்க. நம்பர் கொஞ்சம் கொறயும், கொறஞ்சாலும் அது கத்திரி வெயில்லயும் நிக்கிற நம்பர்.

வெயில் சும்மா சொல்லல. 25 டிகிரில இருக்குற காத்தும் 40 டிகிரில இருக்குற காத்தும் ஒண்ணு இல்ல, அடர்த்தி அஞ்சு சதவீதம் கொறஞ்சிடும். டர்போ அத ஈடு கட்ட இன்னும் வேகமா சுத்தும், காத்து இன்னும் சூடாவும், அந்தச் சூடு காத்த குளுர வைக்கிற இன்டர்கூலர்ல ஊறிடும். மே மாசம் மத்தியானம் வல்லம் பக்கம் ரெண்டு தடவ மிதிச்சிப் பாருங்க, மூணாவது தடவ வண்டி சோத்தத் தின்னுட்டு தூங்குற மாதிரி போவும். ட்யூன் போட்டதும் ஓபிடி (வண்டி கம்ப்யூட்டர படிக்கிற ப்ளக்) வழியா லாக் எடுத்து, நாலு சிலிண்டர்லயும் டைமிங் எவ்ளோ பின்வாங்குதுன்னு பாத்துட்டுதான் காசு குடுக்கணும், அதுவும் மத்தியானத்துல. விடியக்காத்தால எல்லா வண்டியும் நல்லாதான் ஓடும்.

அப்பறம் கியர்பாக்ஸ். உங்களது டிக்யூ250ங்குற மாடல், ஈர க்ளட்ச், அதாவது க்ளட்ச் ஆயில்ல முங்கி இருக்கும். அது தாங்குற டார்க் கணக்கு 350 என்எம், வண்டி கம்பெனில இருந்து வரும்போதே 350, அதாவது சட்டி ஏற்கெனவே விளிம்பு வரைக்கும் நெறஞ்சிருக்கு. ஸ்டேஜ் 1 போட்டா 400 தாண்டும், கொஞ்சம் மிச்சம் வச்சுதான் கட்டிருப்பாங்க, தாங்கும், ஆனா கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரும் சேத்துப் போட்டு க்ளட்ச் அழுத்தத்த ஏத்துனாதான் நிம்மதி. 60 ஆயிரத்துல ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும், உங்க வண்டி 62, பழைய ஓனர் மாத்துனாரா? பில்லு இருக்கா? இல்லன்னா ட்யூனுக்கு முன்னாடி அதப் பண்ணுங்க. ஸ்பார்க் ப்ளக் புதுசு போட்டு கேப்ப 0.7 மில்லிக்குள்ள வைங்க, வாட்டர் பம்ப் ஹவுசிங் பிளாஸ்டிக், இந்த இஞ்சின்ல அது கசியறது ஊரறிஞ்ச விஷயம், அதையும் எட்டிப் பாருங்க. ஆறாவது கியர்ல 1500 ஆர்பிஎம்ல வச்சு மொத்தமா மிதிக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுல அப்டி மிதிச்சா பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிக்கும், பிஸ்டன் போயிடும்.

திருச்சி லேத்து:
தம்பி, ஒரு கிலோவுக்கு பத்து கிலோங்குற கதைய யாரு கெளப்பிவிட்டாங்களோ தெரியல, நான் ஒர்க் ஷாப்புல முப்பது வருஷம் சுத்துற சாமானத்தோட குப்ப கொட்டுனவன், கணக்கப் பாப்போம்.

சக்கரம் ரெண்டு வேல பாக்குது. வண்டியோட சேந்து முன்னாடி போவுது, அதே நேரத்துல தன்னைத் தானே சுத்துது. குயவர் சக்கரத்தப் பாத்திருப்பீங்க, ஓரத்துல கனம் இருந்தாதான் ஒரு தள்ளு தள்ளிவிட்டா நின்னு சுத்தும், நடுவுல இருக்குற கனம் பெருசா கணக்குல வராது. கனம் முழுக்க டயரோட வெளி விளிம்புலயே இருந்தாக்கூட ஒரு கிலோ ரெண்டு கிலோவுக்கு சமம், அதுதான் உச்சம், அதுக்கு மேல போவவே முடியாது. உங்க வீலோட ரிம்மு டயருக்கு உள்ள தள்ளி இருக்கு, அதனால ஒண்ணரைகிட்ட வரும். டயர் பத்து கிலோன்னு வச்சா உங்க பழைய வீல் பத்தரை, புதுசு எட்டு, ரெண்டரை கிலோ மிச்சம், நாலுக்கும் பத்து, சுத்துறதயும் சேத்தா பதினஞ்சு கிலோ. ஆளோட சேத்து ஆயிரத்து ஐநூறு கிலோ வண்டில பதினஞ்சு கிலோ, ஒரு சதவீதம். நூறு வேகத்த தொடுறதுல ஒரு விநாடில பத்துல ஒரு பங்குகூட மிச்சமாவாது, டேங்க்ல அர டேங்க் கம்மியா போட்டா அதவிட வரும்.

அதுக்காக வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குற கனம் கொறஞ்சா பள்ளத்துல எறங்குன சக்கரம் சட்டுன்னு ரோட்டப் புடிக்கும், ஸ்டியரிங் பேசும், வளைவுல குதிக்காது. அத ஓட்டுறவன் கைதான் உணரும், ஸ்டாப் வாட்ச் உணராது. ஆனா நீங்க 17ல இருந்து 18 போறேங்குறீங்க, அதுதான் எனக்கு ஒட்டல. 225/45 டயர்ல பக்கச் சுவரு, அகலம் 225 மில்லில 45 சதவீதம், 101 மில்லி, 18ல 225/40 போட்டா 90. மொத்த உயரம் மூணு மில்லிதான் வித்தியாசம், ஸ்பீடோ மீட்டர் தப்பா காட்டாது, ஆனா பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவுல இருந்த ரப்பர்ல ஒரு சென்டிமீட்டர் போயிடும். வெண்ணாத்தங்கரை ரோட்டுல அந்த ஒரு சென்டிமீட்டர் பொன்னு. 17லயே எட்டு கிலோவுக்குக் கீழ வீல் கெடைக்குது, அதத் தேடுங்க. டயரையும் எடை போட்டு வாங்குங்க, அதே சைஸ்ல பிராண்டுக்கு பிராண்டு ஒரு கிலோ வித்தியாசம் வரும், அதுவும் வெளி ஓரத்துல இருக்குற கனம், வீல்ல கொறச்சத டயர்ல திருப்பிக் குடுத்துடாதீங்க.

வார்ப்பு வீலுக்கும் அடிச்ச (ஃபோர்ஜ்டு) வீலுக்கும் வித்தியாசம் கும்மோணத்துக்காரருக்கு நான் சொல்லணுமா? சாமிமலைல வார்க்குற செல அழகுதான், கீழ போட்டா செலையோட வெரல் ஒடையும். கொல்லன் அடிச்ச அருவா வளையும், ஒடையாது. ஃப்ளோ ஃபார்ம்டுங்குறது நடுவுல, வார்த்துட்டு ரிம்ம மட்டும் சூடா சுத்தவிட்டு உருளையால அழுத்தி இழுக்குறது. வெல கம்மியா எட்டு கிலோ வார்ப்பு வீல் ஒருத்தன் குடுத்தா, எந்த எடத்துல உலோகத்தக் கொறச்சான்னு கேளுங்க.

இன்னொண்ணு, பிரேக் பத்தி ஒரு வார்த்த கூட எழுதலயே? திருவாரூர் ஆழித்தேரு நடந்து போற வேகத்துலதான் போவுது, அதுக்கே முட்டுக்கட்ட மட்டும் பத்தாதுன்னு திருச்சி பெல் (பிஹெச்இஎல்) கம்பெனில இருந்து ஹைட்ராலிக் பிரேக் போட்டாங்க. நீங்க 290 பிஎஸ்ஸுக்குப் போறீங்க.

நாகை உப்புக்காத்து:
லேத்து சார் சொன்னதுக்கு மேல எடை பத்தி பேச எதுவும் இல்ல, நான் பட்டது வேற. வெளி வீல் மாத்தும்போது போல்ட்ட பாருங்கண்ணே. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் போல்ட்டோட அடிப்பக்கம் உருண்டையா இருக்கும், வெளி வீல் பெரும்பாலும் கூம்பு வடிவத்துக்கு குழிச்சிருப்பாங்க. ரெண்டும் எம்14 (14 மில்லி) தான், திருகு மரையும் ஒண்ணுதான், டைட் ஆவும், பாத்தா எல்லாம் சரியாதான் தெரியும், ஆனா உருண்ட கூம்புல ஒரு கோடு மாதிரிதான் ஒக்காரும். எனக்கு மாட்டிவிட்ட கடைல பழைய போல்ட்டயே போட்டு ஏர் கன்னுல டர்ருன்னு அடிச்சு அனுப்பிட்டாங்க. திருவாரூர் தாண்டி கீவளூர்கிட்ட வர்றப்ப முன்னாடி எடது பக்கம் ஒரு ஆட்டம், டயர் பேலன்ஸ்னு நெனச்சு இன்னும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிருக்கேன் பாருங்க, எறங்கிப் பாத்தா ரெண்டு போல்ட்டு கையாலயே சுத்துது. பின்னாடி சீட்டுல அம்மா இருந்தாங்க.

அதனால 5×112 (அஞ்சு போல்ட்டு, 112 மில்லி வட்டத்துல), நடு ஓட்ட 57.1 மில்லி, இந்த ரெண்டும் எழுதி வச்சுக்கங்க. ஓட்ட பெருசா இருந்தா அலுமினிய ரிங்கு போட்டு ஹப்புல கச்சிதமா ஒக்கார வைக்கணும். இறுக்கம் அளக்குற டார்க் ரெஞ்சு வச்சு 120 என்எம், அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவ. கடக்காரன் கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.

ஒரத்தநாடு மாப்ள:
எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க, வண்டி மாசக்கணக்கா நிக்கிதுன்னு அவரு சொன்னத ஒருத்தரும் கண்டுக்கல. பங்காளி, உங்க வண்டிக்கு மொத எதிரி பெட்ரோலும் இல்ல பள்ளமும் இல்ல, எலி! தையில அறுப்பு முடிஞ்சதும் வயல்ல இருக்குறதெல்லாம் வீட்டப் பாத்துதான் வரும், சூடா இருக்குற இஞ்சின் மேல குடும்பம் நடத்தும். எங்க மாமா வண்டில ஒயரிங் ஹார்னஸ் மாத்த ஆன காசுல நீங்க சொல்ற ட்யூன் ரெண்டு தடவ போட்டிருக்கலாம். போனட்ட தொறந்து வச்சு உள்ள ஒரு லைட்ட எரியவிடச் சொல்லுங்க அப்பாவ, இருட்டுதான் அதுக்குப் புடிக்கும்.

அப்பறம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்த இழுக்கும், நம்ம ஊரு காத்துல ஈரத்துக்கா பஞ்சம், டேங்க முழுசா நெரப்பிட்டு ஊருக்குப் போங்க, காலி எடம் கொறஞ்சா ஈரமும் கொறயும். அப்பா வாரம் ஒரு தடவ தெரு முக்கு வரைக்கும் ஓட்டுறது நல்லதுன்னு நெனைக்காதீங்க, ஆயில் சூடே ஆவாது, அரமணி நேரம் பாபநாசம் வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுங்க.

சட்டமும் சொல்லிடுறேன், அப்பறம் யாரும் சொல்லலன்னு சொல்லக் கூடாது. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மீறி வண்டிய மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. அதே வருஷம் கொண்டு வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் அஞ்சாயிரம் ஃபைன், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேத்தும் குடுக்கலாம்னு இருக்கு. இன்சூரன்ஸ்ல சொல்லாம ட்யூன் போட்டு எங்கயாச்சும் இடிச்சா க்ளெய்ம்ல குடைவாங்க. நான் பண்ணாதீங்கன்னு சொல்லல, தெரிஞ்சு பண்ணுங்க.

அரசலாறு230:
அடேங்கப்பா, ஒரே ராத்திரில இவ்ளோ. லேத்து சார், நூறு கிலோ கனவு பதினஞ்சு கிலோ ஆயிடுச்சு, நேத்து சாப்பாடே எறங்கல. 18 இன்ச் கேன்சல். மன்னை அண்ணே, பழைய பில்லெல்லாம் தேடிட்டேன், டிஎஸ்ஜி ஆயில் மாத்துன பில்லே இல்ல, அப்ப மாத்தலன்னுதான் அர்த்தம்னு எடுத்துக்குறேன்.

பொங்கலுக்கு வர்றப்ப மொதல்ல கியர் ஆயில், ப்ளக், பிரேக் பேடு, பிரேக் ஆயில், நல்ல டயரு, இத மட்டும் முடிச்சிடுறேன். அடுத்த லீவுல 95க்கு ட்யூனும் கியர்பாக்ஸ் ஃபைலும். வீலு காசு மிச்சம் இருந்தா 17லயே. ஒரு சந்தேகம், பிரேக் பேடு கம்பெனியோடதே போதுமா?

மன்னை டர்போ:
உங்க ஓட்டத்துக்கு கம்பெனி பேடே போதும், பிரேக் ஆயில் மட்டும் டாட் 4 புதுசா மாத்துங்க, நின்ன வண்டில அதுவும் ஈரம் குடிச்சிருக்கும். அப்பறம் பொங்கல் நேரம் ரோட்டுல பாதி நெல்லு காயும், மீதிய அறுப்பு மெஷினு சேறு போட்டு வச்சிருக்கும், புது டயர்னு நம்பி மிதிச்சிடாதீங்க, காயிற நெல்லு மேல பிரேக் புடிச்சா எண்ணெ தடவுன மாதிரி போவும். மிதிச்சே ஆவணும்னா சென்னைகிட்ட இருக்குற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போங்க.

ஒரத்தநாடு மாப்ள:
பங்காளி, வீல் மாத்துனா அந்த பழைய 17 இன்ச் நாலையும் என்ன பண்ணுவீங்க? எங்கிட்ட சாதா ஆக்டேவியா ஒண்ணு கெடக்கு, அதே 5×112தான். நான் வேணா எலிக்கு லைட் மாட்டிக் குடுக்குறேன், கூலிக்கு அத வச்சுக்குறேன்.

அரசலாறு230:
மாப்ள, லைட்டு அப்பா நேத்தே மாட்டிட்டாரு. வீலுக்கு வெலய பேசுங்க.