5-ஆம் மாதமும் ஸ்மியர் பாசிட்டிவ், சிபிநாட்டில் ‘ரிஃபாம்பிசின் சென்சிடிவ்’: அடுத்து என்ன?

நுண்ணோக்கி:
புது நுரையீரல் காசநோயாளி. 2 மாதம் நான்கு மருந்து (ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால்), அதன்பின் பைரசினமைடு இல்லாமல் மூன்று மருந்து, ஒருநாளும் தவறவில்லை. 5-ஆம் மாத முடிவில் ஸ்மியர் (சளியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) 1+. சிபிநாட்டில் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. அதே மாத்திரையை நீட்டிக்கலாமா? லெவோஃப்ளாக்சசின் மட்டும் சேர்த்துப் பார்க்கலாமா?

சளிக்குப்பி:
இரண்டும் வேண்டாம் சார்.

சிபிநாட் பார்ப்பது ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உருவாகும் ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டும். ஐசோனியாசிட் பற்றி அது வாயே திறக்காது. இப்படிப்பட்ட கேஸில் முதல் சந்தேகம் ஐசோனியாசிட் எதிர்ப்பின்மேல்தான் விழவேண்டும். எல்பிஏவுக்கு (மருந்து எதிர்ப்பு தரும் மரபணு மாற்றங்களைத் தேடும் பரிசோதனை) அனுப்புங்கள். கேட்ஜி மரபணுவில் மாற்றம் வந்தால் ஐசோனியாசிட் அளவைக் கூட்டினாலும் பெரும்பாலும் பலன் இல்லை. ஐஎன்ஹெச்ஏ மரபணுவில் மட்டும் மாற்றம் என்றால் கூட்டிக் கொடுத்துப் பார்க்க இடமுண்டு, ஆனால் எத்தியோனமைடு என்ற இன்னொரு காசநோய் மருந்து வேலை செய்யாது.

லெவோ தனியாகச் சேர்ப்பதுதான் பெரிய தப்பு. மற்ற மருந்துகள் தோற்றுக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்றை நுழைத்தால், கிருமியை எதிர்ப்பது அது ஒன்றுதான். சில வாரத்தில் அதற்கும் எதிர்ப்பு வரும், கூடவே அதே இனத்து மாக்சியும் (மாக்சிஃப்ளாக்சசின்) போகும். ஐசோனியாசிட் எதிர்ப்பு மட்டும் உறுதியாகி, லெவோ வேலை செய்யும் என்று இரண்டாம்நிலை மருந்துகளுக்கான எல்பிஏ சொன்னபிறகு லெவோ, ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால், பைரசினமைடு நான்கும் சேர்த்து 6 மாதம், தேவைப்பட்டால் 9.

சளி குறைந்தது 2 மில்லி வேண்டும். வாய் கொப்பளித்துவிட்டு ஆழமாக இருமச் சொல்லுங்கள். நுரைத்த எச்சில் வந்தால் வாங்காதீர்கள்.

மாத்திரைப்பெட்டி:
செத்த கிருமியும் ஸ்மியரில் சிவப்பாகத் தெரியும், சிபிநாட்டிலும் பாசிட்டிவ் காட்டும். அதனால் எம்ஜிஐடி கல்ச்சரும் (உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) போடுங்கள். நெகட்டிவ் என்று சொல்ல 42 நாள் காத்திருக்கவேண்டும்.

எடையையும் பாருங்கள். 35–49 கிலோவுக்குத் தினமும் 3 மாத்திரை, 50–64க்கு 4. 46 கிலோவில் ஆரம்பித்தவர் 52 ஆனபிறகும் கார்டில் 3 என்றே கிடக்கும், யாரும் திருத்தியிருக்கமாட்டார்கள். சர்க்கரை, எச்ஐவி, வாந்தி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

நுண்ணோக்கி:
எல்பிஏவில் ரிஃபாம்பிசினுக்கும் எதிர்ப்பு என்று வந்தால்?

சளிக்குப்பி:
வர வாய்ப்புண்டு. மாவட்ட டிஆர்டிபி (மருந்து எதிர்ப்புக் காசநோய்) மையத்துக்கு உடனே அனுப்பிவிடுங்கள். தகுதி இருந்தால் 6 மாத பிபால்எம் என்ற நான்கு மருந்துச் சிகிச்சை: பெடாகுயிலின் 2 வாரம் தினமும் 400 மிகி, பிறகு வாரம் மூன்று நாள் 200; தினமும் பிரிட்டோமானிட் 200, லினசோலிட் 600, மாக்சி 400. கர்ப்பிணிக்கும் 14 வயதுக்குக் கீழும் கிடையாது. முன்பே பெடாகுயிலின் சாப்பிட்டவரா என்று கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாது.

தொடங்குமுன் இசிஜி, ஹீமோகுளோபின், தட்டணு, கல்லீரல் பரிசோதனை. இடையில் அதிகம் படுத்துவது லினசோலிட்: ரத்தம் குறையும், பாதம் எரியும் அல்லது மரத்துப்போகும், பார்வை மங்கும். ஒவ்வொரு முறை வரும்போதும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.