சில்வர்கிளென் பெட்டிக்குக் கைப்பேசி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைக் காட்டுகிறது: ஜியோகேச்சிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

சாட்ஸ்வொர்த் வாசகி:
வணக்கம். நானும் மகனும் ஜியோகேச்சிங் பழகத் தொடங்கியிருக்கிறோம், அதாவது யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியால் தேடும் விளையாட்டு. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சில்வர்கிளென் பக்கம் ஒரு பெட்டி இருக்கிறது. கொடுத்திருக்கும் இடம்: தெற்கு 29° 55.800, கிழக்கு 30° 52.800. கைப்பேசி வரைபடத்தில் -29.55800, 30.52800 என்று தட்டினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து மலைகளைக் காட்டுகிறது. கைப்பேசியில் பழுதா? பள்ளி விடுமுறை முடிவதற்குள் அவனுக்கு ஒரு பெட்டியாவது கிடைக்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் நடையன்:
அக்கா, கைப்பேசி நன்றாகத்தான் இருக்கிறது. பாகைக்கு அடுத்து வரும் 55.800 என்பது நிமிடம். ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் அதை 60-ஆல் வகுக்க வேண்டும்: 0.93. அதேபோல் 52.800 என்பது 0.88. ஆகவே -29.93, 30.88 என்று தட்டுங்கள். வகுக்காமல் விட்டதால்தான் 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது. கழித்தல் குறியையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எகிப்தில், கெய்ரோவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டும். ஜியோகேச்சிங் செயலியிலேயே பெட்டியைத் தொட்டு வழி கேட்டால் எண்களைத் தட்டும் வேலையே இல்லை.

சாட்ஸ்வொர்த் வாசகி:
மிக்க நன்றி தம்பி, இடத்துக்கே போய்விட்டோம். ஆனால் மரங்களுக்கு நடுவே அம்புக்குறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. 8 மீட்டர் என்கிறது, நின்ற இடத்திலேயே 20 என்கிறது. முட்புதர்களையெல்லாம் விலக்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

ஃபீனிக்ஸ் நடையன்:
அங்கே அம்பை நம்பாதீர்கள். நடக்கும்போதுதான் செயற்கைக்கோள் கணக்கிலிருந்து திசை தெரியும். நின்றுவிட்டால் கைப்பேசி தன் காந்த உணரியை நம்புகிறது. உறையில் காந்தப் பூட்டு இருந்தால் அதுவும் குழம்பும். உறையைக் கழற்றிவிட்டு, கைப்பேசியை எட்டு வடிவில் சில முறை சுழற்றுங்கள்.

திறந்த வெளியிலேயே 5 மீட்டர் அளவுக்குப் பிழை இருக்கும். மரத்தடியிலும் பள்ளத்திலும் அது கூடும். பெட்டியை வைத்தவரின் கருவியிலும் இதே பிழை உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. அது நீங்கிய மறுநாளே ஓரிகானில் முதல் பெட்டி வைக்கப்பட்டது. இந்த விளையாட்டே அந்தத் துல்லியத்தால் வந்தது, ஆனாலும் கடைசிச் சில மீட்டருக்கு அது போதாது.

எனவே 30 மீட்டர் பின்வாங்கி, நேராக நடந்து வாருங்கள். அம்பு காட்டும் திசையை மனத்தில் வைத்துக்கொண்டு, வேறொரு பக்கத்திலிருந்தும் அப்படியே வாருங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இயற்கையாக விழாத குச்சிக் குவியல், பொருந்தாமல் கிடக்கும் கல், வேலிக்கம்பத்தின் பொந்து போன்றவற்றைப் பாருங்கள். பெட்டிக்கான துப்பையும், முன்பு கண்டவர்களின் பதிவுகளையும் படித்தீர்களா?

டோங்காட் பெரியவர்:
தம்பி சொன்ன முறை நல்ல முறை. முள் திசைகாட்டி எடுத்துப் போவதானால் ஒன்று கவனியுங்கள் அம்மா. நம் பகுதியில் காந்த முள் உண்மை வடக்கிலிருந்து 20 பாகைக்கும் மேல் மேற்கே சாய்ந்திருக்கும். திருத்தாமல் 100 மீட்டர் நடந்தால் 30 மீட்டருக்கு மேல் விலகிப் போவீர்கள். நண்பகல் சூரியன் நமக்கு எப்போதும் வடக்கே இருக்கும். இந்தியாவில் அச்சான கையேட்டை நம்பித் தெற்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

பொந்துக்குள் பையன் கையை நுழைக்க விடாதீர்கள். டர்பன் பக்கத்துக் காடுகளில் மாம்பா, பஃப் ஆடர் போன்ற நச்சுப் பாம்புகள் உண்டு. நீண்ட குச்சியால் தட்டிப் பார்த்த பிறகே கை போக வேண்டும். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு காலையில் போங்கள். கார் நிறுத்திய இடத்தையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி:
கிடைத்துவிட்டது! கோடுகள் வெட்டிய இடத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி, வேரடியில் இருந்தது. உள்ளே பம்பரம் ஒன்று இருக்கிறது, மகன் எடுத்துக்கொள்ளலாமா?

ஃபீனிக்ஸ் நடையன்:
தாராளமாக எடுக்கட்டும் அக்கா. அதே மதிப்புள்ள ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். பெட்டி இருந்த அதே வேரடியில், அதே மாதிரி மூடி வையுங்கள். அடுத்த முறை பேனா கொண்டு போங்கள், சிறிய பெட்டிகளில் பதிவேடு மட்டுமே இருக்கும்.