மிலானில் அம்புரோசியாரைப் பார்த்தவர்கள் உண்டா?

மிலானில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். தினமும் கடந்து போன மெட்ரோ நிலையத்தின் பெயர் சந்த் அம்ப்ரோஜோ. ஏதோ தெருப்பெயர் என்றே நினைத்திருந்தேன். டிசம்பர் 7 அன்று ஆபீஸ் லீவு என்றதும்தான் விசாரித்தேன். நான்காம் நூற்றாண்டில் மிலானின் ஆயராக (பிஷப்பாக) இருந்த நம் புனித அம்புரோசியார்! நகரத்தின் பாதுகாவலரே அவர்தான்.

அன்றே கோவிலுக்குப் போனேன். பீடத்துக்கு அடியில் நிலவறை. கம்பிகளுக்குப் பின்னால் கண்ணாடிப் பேழையில் மூன்று எலும்புக்கூடுகள். நடுவில் ஆயர் உடையில் அவர். இரு பக்கமும் விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகள் கெர்வாசியு, புரோத்தாசியு. 386இல் அந்த இருவரின் எலும்புகளைக் கண்டெடுத்ததே அவர்தான். 397இல் இறந்ததும் அவர்கள் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

எனக்கு மனதில் நின்றது அதுகூட இல்லை. அதே கோவிலை ஒட்டிய சிறு சிற்றாலயத்தில் பழைய மொசைக் படம் ஒன்று உண்டு. ஒல்லி முகம், குட்டைத் தாடி, துருத்திய காது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்கூடக் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஆள் மாதிரி இருந்தார்.

——

நீங்கள் அவர் கோவிலைப் பார்த்தீர்கள். நான் பார்த்தது மிலானின் தலைமைப் பேராலயமான தூவோமோவுக்கு அடியில் இருக்கும் எண்கோணத் தொட்டி. 387 பாஸ்கா (ஈஸ்டர்) இரவில், பின்னாளில் புனிதரான அகுஸ்தினாருக்கு அம்புரோசியார் ஞானஸ்நானம் கொடுத்த இடம். வேடிக்கை என்னவென்றால், 374இல் ஆயர் தேர்தல் சண்டையை அடக்க வந்த ஆளுநர் அம்புரோசியாரையே கூட்டம் ஆயராக்கியபோது, அவரே ஞானஸ்நானம் வாங்காதவர்! தப்பிக்கப் பார்த்தார், விடவில்லை.

கிரேக்க நகரமான தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவித்த ரோமப் பேரரசர் தியோடோசியுஸை 390இல் பகிரங்கமாகத் தவம் செய்ய வைத்தவர் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். ஆனால் 388இல் கல்லினிக்கத்தில் எரிக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடத்தை அவ்வூர் ஆயர் கட்டித்தர வேண்டும் என்று அதே பேரரசர் உத்தரவிட்டபோது, அதைத் தடுத்தவரும் இவர்தான். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

——

உங்கள் இருவர் கதைகளுக்கு முன் என் கதை சின்னது. நம் ஊரில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குவது திருநீற்றுப் புதனில். மிலானில் அந்தத் திருநீற்றுப் புதன் அன்று சாம்பல் பூசிக்கொள்ளப் போனேன். கோவிலில் ஆளே இல்லை. வெளியே பிள்ளைகள் வேஷம் கட்டி, வண்ணக் காகிதத் துணுக்குகளை வீசி ஆடிக்கொண்டிருந்தார்கள். கோவில்பிள்ளை மாதிரி இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, “இங்கே அம்புரோசியார் முறை. தவக்காலம் ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கும், அப்போது வாருங்கள்” என்றார். சரி என்று சனிக்கிழமை வரை நானும் கறி சாப்பிட்டேன்.