பாலத்தடியில் தொடங்கிய சூழல் பாடம்

தரம் 10 பிள்ளைகளுக்குச் சூழல் அலகை எங்கிருந்து தொடங்குவது என்று புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை ஒருவர் இங்கே கேட்டிருந்தார். கொழும்பில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கும் அந்தத் தவிப்பு இருந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகளும் வரைவிலக்கணத்தில்தான் தொடங்கினேன். சூழற்றொகுதி, உயிருள்ள கூறு, உயிரற்ற கூறு, பிறகு ஓசோன் படை, அதற்குப் பிறகு துருவத்துப் பனி. பிள்ளைகள் அழகாக எழுதிக்கொண்டார்கள், தவணைப் பரீட்சையில் புள்ளியும் எடுத்தார்கள். ஒருநாள், வெள்ளவத்தைக் கால்வாயைத் தினமும் பஸ்ஸில் கடந்து வரும் மாணவன் ஒருவனிடம் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். "தெரியாது ரீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியவில்லை. அன்று இரவே பழைய பாடத்திட்டத்தை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினேன்.

இப்போது எட்டுப் பாடவேளைகளில் முதலாவது கால்வாய்க் கரையில்தான் நடக்கிறது. அனுமதி பெறுவதற்கு மட்டும் ஐந்து வாரம் அலைந்தேன். அந்தக் கதை வேண்டாம். அதிபரின் கையெழுத்து, பெற்றோரின் சம்மதக் கடிதம், கூட வர இன்னும் இரண்டு ஆசிரியர்கள், இவை இல்லாமல் கிளம்பாதீர்கள். தண்ணீரை வெறுங்கையால் தொடவும் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெயின்ட் வாளி மூடி ஒன்றை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டினோம். அடியில் கனத்துக்கு ஒரு இரும்பாணி, மேலே பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் செச்சித் தட்டு தயார். கம்பி வேலிக்கு மேலால் மெதுவாக இறக்கி, தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் எத்தனை முடிச்சு நீருக்குள் போயிருக்கிறது என்று எண்ண வேண்டும். மழையில்லாத முதல் நாள் நான்காவது முடிச்சில் மறைந்தது. அடுத்த வாரம், முதல்நாள் மாலை இடியோடு கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு போனோம். ஒரு முடிச்சு நனைந்ததுமே தட்டைக் காணவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த மாணவி நம்பாமல் மூன்று தடவை இழுத்து இழுத்து இறக்கினாள். "இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது ரீச்சர்?" என்று கேட்டாள். இரண்டு ஆண்டுகளாக நான் காத்திருந்த கேள்வி அது.

அந்தக் கேள்வியே மிச்சப் பாடத்தை இழுத்துக்கொண்டு போனது. வடிகான்கள், கட்டட வேலைத்தளங்கள், மேலே இருக்கும் சதுப்பு நிலங்கள். கலங்கிய நீரில் ஒளி இறங்காவிட்டால் ஒளித்தொகுப்பு என்னாகும், மீன் என்னாகும், கரையில் நிற்கும் கொக்கும் கல்லில் வெயில் காய்ந்த கபரகொய்யா என்ற நீர் உடும்பும் எதை உண்ணும். உணவு வலையை நான் கரும்பலகையில் வரையவே இல்லை, அவர்களே வரைந்தார்கள். பேரை வாவி ஏன் பச்சையாக இருக்கிறது என்று ஒருவன் கேட்டதால், குளத்து நீரை இரண்டு போத்தல்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உரம் போட்டு வகுப்பு யன்னலில் வைத்தோம். இரண்டு வாரத்தில் உரம் போட்ட போத்தல் கீரைச்சாறு போல ஆகிவிட்டது. நீரில் போசணை மிகுந்து பாசி பெருகுவதைக் குறிக்கும் நற்போசணையாக்கம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று என்று சொன்னபோது, "எங்கள் கொழும்பா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கடற்கரைப் பாடத்தில் வேறொன்று நடந்தது. கால்வாய் கடலில் விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, காய்ந்த மணலை உப்புநீர் நிறைந்த பேசினில் கொட்டிக் கலக்கினோம். மணல் அடியில் தங்கியது. பயறளவில் வெள்ளை மணிகள் சில மிதந்தன. நீரைவிட அடர்த்தி குறைந்த பிளாஸ்டிக். "இது எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்து வந்தது" என்று ஒருவன் உடனே சொன்னான். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய கப்பல் அது. ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட இத்தகைய மணிகள் அதிலிருந்து கடலில் கலந்தன. அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். எரிந்த தடம் இருக்கிறதா, வேறெங்கிருந்து வரக்கூடும், நிரூபிக்க என்ன செய்ய வேண்டும்? அந்தப் பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. திட்டமிட்ட செயலட்டையைத் தொடவே இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். திண்மக் கழிவுப் பாடத்துக்கு மீதொட்டமுல்லைப் படங்களை எடுத்துப் போயிருந்தேன். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த இடம். மூன்றாவது படத்தில் ஒரு பிள்ளை தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுடைய பெரியம்மா வீடு அந்தப் பக்கம் இருந்ததாம். எனக்குத் தெரியாது, நான் கேட்டிருக்கவும் இல்லை. படங்களை மூடிவிட்டு அவளை வெளியே அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தப் பாடத்துக்குப் படம் காட்டுவதில்லை. ஒரு வாரம் தங்கள் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து நிறுத்து எழுதிவரச் சொல்கிறேன். உக்கக்கூடிய சமையற்கழிவுதான் அநேகமாக எல்லோருடைய அட்டவணையிலும் முதலிடத்தில் வருகிறது. ஏன் இதை வெளியே கொட்டுகிறோம் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

செச்சித் தட்டு இப்போது மூன்றாவது தொகுதித் தரம் 10 பிள்ளைகளின் கையில் இருக்கிறது. அளவுகளை எழுதும் கொப்பியும் அதே கொப்பிதான். பெற்றோருக்கான சம்மதக் கடித மாதிரி தேவைப்படுபவர்கள் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.