ஏஎஃப்4-இல் 100 நானோமீட்டர் லேடெக்ஸ் 73 என்று வருகிறது

கேள்வி
ஏஎஃப்4-இல் (மெல்லிய சேனலில் திரவத்தோடு ஓடவிட்டுத் துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் கருவி) 100 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் லேடெக்ஸ் ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த துகள்), ஃபோகஸ் (துகள்களை ஒரே கோட்டில் திரட்டி நிறுத்தும் கட்டம்) முடிந்து 20.7-ஆவது நிமிடத்தில் வெளிவருகிறது. அந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விட்டம் 73 நானோமீட்டர், டிஎல்எஸ்-இல் (ஒளிச்சிதறலால் துகள் அளவைக் காணும் முறை) 103. ஸ்பேசர் (சேனலுக்கு உயரம் தரும் தகடு) 350 மைக்ரான், 10 கிலோடால்டன் செல்லுலோஸ் மெம்பிரேன் (சேனலின் அடியிலுள்ள வடிசவ்வு), கேரியர் (ஓடும் திரவம்) 0.025% எஸ்டிஎஸ் சோப்புக் கரைசல், 25 டிகிரி. துகளை மெம்பிரேன் பக்கம் தள்ளும் குறுக்கோட்டம் நிமிடத்துக்கு 0.5 மி.லி., டிடெக்டர் பக்கம் போகும் வெளியோட்டம் 1.0. செலுத்தியது 50 மைக்ரோகிராம், ஃபோகஸ் 10 நிமிடம். மீட்பு (செலுத்தியதில் வெளிவந்த பங்கு) 60%தான். தொடக்கத்தில் வாய்டு பீக் (சேனலில் தங்காமல் உடனே வெளிவரும் பீக்) வேறு. எங்கே தப்பு?

பதில் 1
கணக்கில் 350 போட்டிருக்கிறீர்கள், அதுதான். ஸ்பேசரின் தடிமன் வேறு, சேனலின் உயரம் வேறு. செல்லுலோஸ் நனைந்தால் உப்பும். இறுக்கும்போது ஓரங்களில் ஸ்பேசர் அதற்குள் அழுந்தி, நடுவில் மெம்பிரேன் புடைத்து நிற்கும்.

நேரம் = உயரத்தின் வர்க்கம் ÷ (6 × விரவல் குணகம்) × இயல் மடக்கை (1 + குறுக்கோட்டம் ÷ வெளியோட்டம்). 100 நானோமீட்டருக்கு விரவல் குணகம் (துகள் தானாகப் பரவும் வேகத்தின் அளவு) 4.9 × 10⁻¹² ச.மீ./வி., மடக்கை 0.405. 1,242 வினாடியை வைத்துத் திருப்பிப் போட்டால் உயரம் 300 மைக்ரான் வருகிறது. வர்க்கமாக நுழைவதால்தான் 50 மைக்ரான் பிசகு விட்டத்தில் கால்பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது.

இதே ஓட்டங்களில் 50, 200 நானோமீட்டர் ஸ்டாண்டர்டுகளையும் ஓட்டிப் பாருங்கள். 10.3, 41 நிமிடத்தை ஒட்டி வந்தால் 300 சரி. ஒன்று மட்டும் விலகினால் சிக்கல் உயரத்தில் இல்லை, துகளுக்கும் மெம்பிரேனுக்கும் இடையில். மெம்பிரேன் மாற்றும் ஒவ்வொரு முறையும் உயரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். சேனலை இறுக்கும் டார்க் ரெஞ்சும் அதே அளவில் இருக்கட்டும்.

பதில் 2
அவசரப்பட்டு 300 என்று எழுதிவிடாதீர்கள். 50 மைக்ரோகிராம் எனக்கு அதிகமாகப் படுகிறது. மிகைச்சுமையும் பீக்கை நகர்த்தும். 5, 10, 20, 50 என்று செலுத்தி, நேரம் மாறாத அளவில் நின்றுகொண்டு அதன்பிறகு உயரத்தைக் கணக்கிடுங்கள்.

மீட்பு 60%க்கு ஃபோகஸ்மீதுதான் எனக்குச் சந்தேகம். பத்து நிமிடம் துகள்களை ஒரே கோட்டில் மெம்பிரேன்மேல் அழுத்தி வைத்தால் ஒட்டவோ திரளவோ செய்யும். 4 நிமிடமாக்குங்கள். சேனலைத் திறந்து பார்த்தால் ஃபோகஸ் நின்ற இடத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். தெரிந்தால் வழக்கு முடிந்தது. மீட்பை அளக்க, ஃபோகஸும் குறுக்கோட்டமும் இல்லாமல் அதே அளவைச் செலுத்தி அந்தப் பீக்கின் பரப்பால் வகுக்க வேண்டும். குப்பியில் எழுதியிருக்கும் செறிவால் வகுத்தால் அது மீட்பே இல்லை.

பதில் 3
வாய்டு பீக்குக்கு முதலில் வெறும் கேரியரை ஓட்டுங்கள். ஃபோகஸிலிருந்து எல்யூஷனுக்கு (துகள்கள் வெளியேறும் கட்டம்) வால்வு மாறும்போது அழுத்தம் துள்ளி, யூவி டிடெக்டரில் போலிப் பீக் ஒன்று வரும். வெற்றோட்டத்திலும் அதே உயரத்துக்கு வந்தால் மறந்துவிடலாம். வராவிட்டால் இரண்டு சாத்தியம்: ஃபோகஸில் அடங்காமல் தப்பிய துகள், அல்லது ஒரு மைக்ரானைத் தாண்டிய திரள். அந்த அளவில் வரிசை தலைகீழாகி, பெரியது முன்னால் ஓடிவரும். லேசர் ஒளிச்சிதறல் டிடெக்டர் இருந்தால் அந்த இடத்தில் சிக்னல் எகிறுகிறதா என்று பாருங்கள்.

ஃபோகஸைக் குறைத்தபின் வாய்டு பெரிதானால் 4 நிமிடம் போதாது, 6 வையுங்கள். டிஎல்எஸ் 103 பற்றிக் கவலை வேண்டாம். சிதறல் விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப ஏறுவதால் அது எப்போதும் பெரிய பக்கமே சாயும்.