பையனுக்கு முதல் கார்: ராத்திரிக்குள் டெபாசிட் கேட்கிறார்கள், போடலாமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க வந்து அஞ்சு மாசம் ஆகுது. பையனுக்கு 17 முடிஞ்சிருக்கு. காலேஜுக்குப் பஸ் நேரம் ஒத்துவரல, சின்னதா ஒரு பழைய கார் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கோம். ஃபோர்டு ஃபியஸ்டா, 2014, 1.0 பெட்ரோல், 78,000 ஓடியிருக்கு. சாயங்காலம் போய்ப் பார்த்தோம், பளிச்சுனு இருக்கு. விற்கிறவர் "இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, ராத்திரிக்குள்ள டெபாசிட் போட்டாத்தான் நிறுத்தி வைப்பேன்"ங்கறார். எங்களுக்குக் கார் பத்தி ஒண்ணும் தெரியாது. போடலாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பனிமூட்டம்:
எந்த நாடுன்னே சொல்லலையே அக்கா. 78,000 மைலா, கிலோமீட்டரா? கம்பெனி ஷோரூமா, தனி ஆளா? பனி விழுற ஊர்னா முதல்ல டயரைப் பாருங்க. பக்கச்சுவர்ல நாலு இலக்க எண் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்ச டயர். டயர் மேல இருக்கிற கோடு ஆழமா இருந்தாலும் ரப்பர் காய்ஞ்சு வெடிப்பு விட்டிருந்தா ஈரத்துல பிடிக்காது. நாலு சக்கரத்துக்கும் நாலு விலை குறைஞ்ச பிராண்டு போட்டிருந்தா, வண்டிக்குச் செலவு பண்ண மனசில்லாத ஆளுன்னு புரிஞ்சுக்கலாம்.

அலைகடல்:
புதுசா ஓட்டுற பிள்ளைக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி. கவனம் முழுக்க ரோட்டுல இருக்கும்.

வைகைக்கரை:
மன்னிச்சுக்கோங்க, பதட்டத்துல விட்டுட்டேன். இங்கிலாந்து, லண்டன் பக்கம். மைல்தான். தனி ஆள். கியர் வண்டி.

ஸ்பேனர்செட்:
இங்கிலாந்து என்றால் ஆட்டோமேட்டிக் யோசனையை நிதானமாக எடுக்கவும். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் பாஸ் செய்தால் லைசென்ஸும் அதற்கு மட்டும்தான். கியர் வண்டியில் பாஸ் செய்தால் இரண்டையும் ஓட்டலாம். இந்த வயது ஃபியஸ்டா ஆட்டோமேட்டிக்கில் வரும் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி, மெதுவாக ஊரும் போது குலுங்குவதற்குப் பெயர் பெற்றது.

இனி நீங்கள் பார்த்த வண்டி. அந்த 1.0 எஞ்சினில் டைமிங் பெல்ட் (எஞ்சின் பாகங்களை ஒத்திசைவாகச் சுழற்றும் ரப்பர் பட்டை) எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயிலைத் தள்ளிப்போட்டு மாற்றினாலோ வேறு தர ஆயில் ஊற்றினாலோ பெல்ட் ரப்பர் ஊறி, துணுக்கு துணுக்காக உதிரும். அந்தத் துணுக்குகள் அடியில் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். ஆயில் அழுத்தம் குறையும், டர்போவும் பேரிங்கும் காய்ந்து தேயும், கடைசியில் எஞ்சினே போகும். ஓட்டிப் பார்க்கும் போது எந்தச் சத்தமும் வராது. பெல்ட்டை மாற்றும் கெடு 10 வருடம் அல்லது 150,000 மைல், எது முந்துகிறதோ அது. 2014 வண்டிக்கு வருடக் கணக்கு முடிந்துவிட்டது. முன்பக்கத்தைப் பிரித்துச் செய்யும் வேலை என்பதால் கூலியும் சேர்த்து ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ஆயில் ரசீதுகளில் 5டபிள்யூ-20 என்றும், ஃபோர்டின் 948-பி தரம் என்றும் இருக்க வேண்டும்.

மேட்டுத்தெரு:
இப்படி பயமுறுத்தினா யாரும் எதுவும் வாங்க முடியாது. ரசீது இருந்தா ஃபியஸ்டா அருமையான வண்டி. பாகம் எங்கேயும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் தொடுவார். அதே வருஷத்து 1.25 எஞ்சின்ல பெல்ட் வெளியில காய்ஞ்சு ஓடுது, இந்தத் தொல்லையே இல்ல. பிரீமியம் கணக்குப் போடுற இன்சூரன்ஸ் குரூப்பும் டர்போ வண்டியை விடக் கம்மி.

அலைகடல்:
வண்டி விலையை விட இன்சூரன்ஸ்தான் ஆளைக் கொல்லும். அப்பா பேர்ல பாலிசி எடுத்துட்டு பையனை ரெண்டாவது டிரைவராப் போட்டுடுங்க.

ஸ்பேனர்செட்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தினம் ஓட்டப்போவது பையன் என்றால் முதல் டிரைவர் அவன்தான். மாற்றிச் சொல்வது இங்கே மோசடி. விபத்தில் பாலிசி செல்லாது என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு, லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. டெஸ்ட் பாஸ் செய்த முதல் 2 வருடத்தில் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடி எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

பனிமூட்டம்:
வண்டியில பிளாக் பாக்ஸ்னு ஒரு கருவி வச்ச பாலிசி பாருங்க. வேகம், பிரேக், ராத்திரி ஓட்டுறது எல்லாம் பதிவாகும், ஒழுங்கா ஓட்டுற பிள்ளைக்குப் பிரீமியம் இறங்கும்.

மேட்டுத்தெரு:
இறங்கும்னு உறுதியில்ல. குண்டும் குழியுமான ரோட்டுல பிரேக் பிடிச்சாக்கூட மதிப்பெண் போகுது. ஊர்ல இருபது வருஷம் கீறல் இல்லாம ஓட்டின நோ கிளெய்ம் (இழப்பீடே கேட்கலைங்கற) கடிதத்தை இங்க பல கம்பெனிக்காரங்க கண்டுக்கவே மாட்டாங்க.

அலைகடல்:
டெஸ்ட் தேதி கிடைக்கிறதுக்குள்ள மாசக்கணக்குல போயிடுது. அதைச் சொல்லுங்க முதல்ல.

மேட்டுத்தெரு:
ஆமா. காலையில ஆறு மணிக்கு எழுந்து திரையைப் பார்த்துக்கிட்டே உட்காரணும். தேதியை மொத்தமாப் பிடிச்சு கூடுதல் விலைக்கு விக்கிறவங்க வேற.

கரிசல்மண்:
எல்லாம் சரி, அக்கா ராத்திரிக்குள்ள முடிவெடுக்கணும். யாரும் கேட்காத ஒண்ணு: பையனுக்குப் பக்கத்துல யார் உட்காரப்போறாங்க? எல்.எல்.ஆர். பிள்ளை தனியா ஓட்டக்கூடாது. கூட இருக்கிறவருக்கு 21 வயசு தாண்டியிருக்கணும். பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், இதுல ஒரு நாட்டு முழு லைசென்ஸ் கைக்கு வந்து 3 வருஷம் ஆகியிருக்கணும். இந்திய, இலங்கை லைசென்ஸ்ல நீங்க இங்க குடிவந்த நாள்லேர்ந்து 12 மாசம் ஓட்டலாம். ஆனா பிள்ளைக்குக் கத்துக்குடுக்க அது செல்லாது. நீங்களே இங்க டெஸ்ட் பாஸ் பண்ணினாலும் அதுக்கப்புறம் 3 வருஷம் காத்திருக்கணும். அப்படி ஒரு ஆள் இல்லேன்னா இன்னைக்கு வாங்குற கார் வாசல்லயே நிக்கும், பாட்டரி இறங்கும். பயிற்சியாளரோட இரட்டைப் பெடல் வண்டியில முதல்ல கத்துக்கட்டும்.

இனி இந்த வண்டி. டெபாசிட் போடாதீங்க. நம்பர் பிளேட் எண்ணை வச்சு அரசாங்கத் தளத்துல எம்ஓடி (வருஷா வருஷம் நடக்கிற வண்டித் தகுதிச் சோதனை) சரித்திரத்தை இலவசமாப் பாருங்க. ஒவ்வொரு வருஷமும் மைல் ஏறிக்கிட்டே வரணும், நடுவுல குறைஞ்சிருந்தா மீட்டரைத் திருப்பியிருக்காங்க. பாஸ் ஆன வருஷத்துக்குக் கீழேயும் "அட்வைஸரி"னு கவனிக்க வேண்டிய குறைகளை எழுதியிருக்கும், அதையும் படிங்க. பிரேக் பைப் துரு, டயர் உள்ஓரம் தேய்மானம்னு வருஷா வருஷம் ஒரே வரி வந்தா யாரும் கை வைக்கலைன்னு அர்த்தம். அடுத்தது, கடன் பாக்கியும், இன்சூரன்ஸ் கம்பெனி ரைட்-ஆஃப்னு (சரிபண்றது கட்டுப்படியாகாதுன்னு) ஒதுக்கினதும் காட்டுற ஹிஸ்டரி செக், இதுக்குக் காசு கட்டணும். ரைட்-ஆஃப்ல எஸ், என்னு ரெண்டு வகையும் விபத்தோ சேதமோ ஆகி ரோட்டுக்குத் திரும்பின வண்டி, எஸ்ல உடற்கூடே அடிபட்டிருக்கும். அதே எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் விலையை ரெண்டு தடவை கேளுங்க: எல்.எல்.ஆர்.னு ஒரு தடவை, பாஸ் ஆனவன்னு ஒரு தடவை. பாஸ் ஆனதும் விலை ஏறுறதுதான் வழக்கம், அந்த ரெண்டாவது தொகைதான் நிஜம்.

தனி ஆள்கிட்ட வாங்கினா "சொன்னபடி இல்லை"ன்னு மட்டும்தான் கேட்க முடியும். வியாபாரிகிட்ட வாங்கினா, பழுது இருந்தா 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கச் சட்டம் இருக்கு.

வைகைக்கரை:
எங்க ரெண்டு பேருக்குமே ஊர் லைசென்ஸ்தான். இது தெரியவே தெரியாது. எம்ஓடி பார்த்தேன். மைல் சரியா ஏறுது. "முன் இடது டயர் உள்ஓரம் தேய்மானம்"னு மூணு வருஷமா இருக்கு. பெல்ட் ரசீது கேட்டதுக்கு "அதெல்லாம் செயின் தம்பி"ன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்றார்.

ஸ்பேனர்செட்:
அது செயின் இல்லை, பெல்ட்தான். விட்டுவிடுங்கள். மூன்று வருடமாக ஒரே டயர் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் போயிருக்கும், அல்லது கீழே ஏதாவது வளைந்திருக்கும்.

பையன் பயிற்சி முடிப்பதற்குள் ஹூண்டாய் ஐ10, டொயோட்டா அய்கோ பாருங்கள். இரண்டின் 1.0 எஞ்சினிலும் செயின்தான். 2014 நவம்பருக்குப் பிறகு புதிதாகப் பதிவான வண்டியாக எடுங்கள், சறுக்கும் போது சக்கரத்துக்குச் சக்கரம் பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்சி கட்டாயமானது அப்போதிலிருந்துதான். அய்கோவில் கிளட்ச் சீக்கிரம் தேயும். நாலாவது கியரில் 30 மைல் வேகத்தில் திடீரென அழுத்தினால், வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் கத்துகிறதா பாருங்கள்.

கரிசல்மண்:
பார்க்கப் போறப்ப காலையில போங்க. "எஞ்சினை சூடு பண்ணி வைக்காதீங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சுட்டா சந்தேகம். சாவியைத் திருப்பினதும் எஞ்சின் விளக்கு, ஏர்பேக் விளக்கு ரெண்டும் எரிஞ்சு அணையணும். எரியவே இல்லேன்னா அதை யாரோ செயலிழக்கப் பண்ணியிருக்காங்க. வாங்கினா ரோட் டாக்ஸ் பழைய ஆளோடேயே போயிடும். வி5சிங்கற வண்டிப் பதிவுப் புத்தகத்தோட பச்சைத் துண்டுல 12 இலக்க எண் இருக்கும், அதை வச்சு அங்க நின்னுக்கிட்டே ஃபோன்ல டாக்ஸைக் கட்டிட்டு, இன்சூரன்ஸும் தொடங்கின பிறகுதான் வண்டியை நகர்த்தணும்.