ஜான் லூயிஸை நேரில் சந்தித்தவர்கள் இருக்கிறீர்களா?

வரலாற்று ஆசிரியை எழுதியது:
வணக்கம். அமெரிக்கக் குடிமை உரிமை இயக்கத்தைப் பாடமாக நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், 1965 மார்ச் 7 அன்று கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான பேரணியில், அலபாமா மாநிலத்தின் செல்மா நகரிலுள்ள எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் காவலரின் தடியடியில் மண்டை உடைந்து விழுந்த 25 வயது இளைஞரின் படத்தை மாணவர்களுக்குக் காட்டுகிறேன். அந்தப் படத்துக்கு அப்பால் ஜான் லூயிஸ் எப்படிப்பட்டவர் என்று அவர்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. 1987 முதல் 2020இல் மறையும்வரை அட்லாண்டா மக்களின் பிரதிநிதியாக அமெரிக்கக் காங்கிரஸில் இருந்தவர் என்பதால், இங்கே யாரேனும் அவரைச் சந்தித்திருக்கக்கூடும். இரண்டு நிமிடச் சந்திப்பானாலும் எழுதுங்கள்.

அட்லாண்டாவில் வசித்தவர்:
நான் அவருடைய தொகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தேன். ஒருமுறை வாஷிங்டனில் அவருடைய அலுவலகத்துக்குக் குடும்பத்துடன் சென்றோம். சுவர்களில் போராட்டக் காலத்துப் புகைப்படங்கள் நிறைந்திருந்தன. உதவியாளர் ஒருவர் விளக்குவார் என்று நினைத்திருந்தோம். அவரே வந்து, ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்று, தம்மைப் பற்றி ஒரு சொல்கூடக் கூறாமல், உடன் நின்றவர்களின் பெயர்களை மட்டும் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனார். செல்மாவில் அவரோடு முன்வரிசையில் நடந்த ஹோசியா வில்லியம்ஸின் பெயரை நான் முதன்முதலாக அறிந்தது அங்கேதான். குள்ளமான உருவம், தாழ்ந்த குரல். எங்களுக்குப் பின்னால் வேறு பார்வையாளர்கள் காத்திருந்தும் அவரிடம் அவசரம் தென்படவில்லை.

2015இல் செல்மா சென்றவர்:
என்னுடையதைச் சந்திப்பு என்று சொல்ல இயலாது. ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளில் அவர் மேடையேறி அதிபர் ஒபாமாவை அறிமுகம் செய்ததைக் கூட்டத்தின் கடைசியிலிருந்து பார்த்தேன். ஆயினும் உங்கள் மாணவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பாலம் நடுவில் வளைந்து உயர்வதால், உச்சிக்கு ஏறும்வரை அக்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்று நடந்த ஏறத்தாழ 600 பேரும் உச்சியை அடைந்த பிறகுதான் எதிரே அணிவகுத்து நின்ற காவலர்களைக் கண்டார்கள். கண்ட பிறகும் இறங்கி நடந்தார்கள். சிறைக்குப் போக நேரும் என்று எண்ணி, லூயிஸ் தம் முதுகுப் பையில் இரண்டு நூல்கள், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பல் துலக்கும் தூரிகை ஆகியவற்றை வைத்திருந்தார். உச்சியில் நின்றபோது எனக்கு அந்தப் பையின் நினைவே வந்தது.

மற்றொரு வாசகர்:
அவருடைய பொறுமையைப் பிறவிக் குணம் என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பயின்று பெற்றது. 1950களில் நாக்பூரில் தங்கி காந்தியின் சத்தியாக்கிரகத்தைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், நாஷ்வில் நகரில் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். ஒருவர் வசைபாட, மற்றவர் திருப்பி அடிக்காமல் அமர்ந்திருக்கப் பழகுவார். அப்படிப் பழகிய பிறகே 1960இல் உணவகங்களில் வெள்ளையர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் போய் அமர்ந்தார்கள். லூயிஸ் அந்த வகுப்பின் மாணவர்.

வரலாற்று ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. அலுவலகத்துக்குச் சென்றவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: தம்மை அடித்தவர்களைப் பற்றி அவர் ஏதேனும் சொன்னாரா?

அட்லாண்டாவில் வசித்தவர்:
எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் 1961இல் தென் கரோலினா மாநிலத்தின் ராக் ஹில் பேருந்து நிலையத்தில் அவரைத் தாக்கியவர்களுள் ஒருவர், 2009இல் வாஷிங்டனுக்கு வந்து, அதே அலுவலகத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் மன்னித்து, அவரைத் தழுவிக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் படித்த என் மகள், நாங்கள் நின்ற அறை அதுதானா என்று என்னிடம் இருமுறை கேட்டாள்.